பன்னிரண்டாம் வீடு வரைக்கும் ஒரு சொட்டு நீலம்

மேலச்சுனை அரசு மருத்துவமனைக் குடியிருப்பின் ஒன்றாம் எண் வீட்டில், ரத்தமும் சளியும் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்த பாக்கியசீலி, நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை ஏழு மணிக்குக் கூடத்துச் சுவரில் சிந்திய ஒரு சொட்டு நீல மை, அன்று உலரவில்லை, மறுநாளும் உலரவில்லை, அதற்கடுத்து வந்த ஆறு மாதமும் முன்விளிம்பு ஈரமாகவே நாளுக்கு ஒரு சாண் வீதம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அது ஏன் நகர்கிறது என்று குடியிருப்பில் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள்.

பன்னிரண்டு வீடுகளும் ரயில் பெட்டிகளைப் போல ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டு நின்றன. அறுவை அரங்குக்கு வாங்கி மிஞ்சிப்போன வெள்ளை டைல்ஸைப் பொதுப்பணித் துறையார் வீணாக்க மனமில்லாமல் பன்னிரண்டு வீட்டுக் கூடத்திலும் பின்சுவரில் இடுப்புயரத்துக்குப் பதித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் அங்கே சாப்பிடுகிறவர்களும் படிக்கிறவர்களும் சண்டை போடுகிறவர்களும் எல்லாரும் ஏதோ ஓர் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களைப் போலவே தெரிவார்கள். அந்த வழவழத்த வெள்ளையில்தான் மை போயிற்று.

மை பாக்கியசீலியுடையது அல்ல. மாற்றலாகிப் போன ஒரு டாக்டரம்மா அறையில் விட்டுப்போன அட்டைப்பெட்டியில் பன்னிரண்டு சிறு புட்டிகள் இருந்தன. ஸ்பிரிட்டில் கரைத்த மை. ஒரு சொட்டு விட்டால் பூவாக விரியும், ஸ்ட்ரா வைத்து ஊதினால் ஓடும், கண்மூடித் திறப்பதற்குள் உலரும், உலர்ந்த பிறகும் ஒரு துளி ஸ்பிரிட் பட்டால் மறுபடி உயிர் வந்து கிளம்பும். பாக்கியசீலிக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. முப்பத்து மூன்று வருஷம் கண்ணாடித் துண்டுகளில் சாயம் ஏற்றி, ஸ்பிரிட் ஊற்றிக் கழுவி, நுண்ணோக்கியில் பார்த்து, உண்டு அல்லது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள். சாயம் அழகாக இருக்கிறது என்று ஒருநாளும் எழுதியதில்லை. அப்படி எழுத அந்தப் படிவத்தில் இடமும் கிடையாது. ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வாய் என்று கேட்டவர்களிடம் சொல்ல ஏதாவது வேண்டும் என்றுதான் அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஒரு வீட்டைக் கடக்க மைக்குப் பதினெட்டு நாள் பிடித்தது. அந்தக் கணக்கில் மே மாதக் கடைசியில், அவள் ஓய்வுபெறும் நாளுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக, அது பன்னிரண்டாம் வீட்டுச் சுவரைத் தொடும். பன்னிரண்டாம் வீட்டில் அவள் தங்கை கிருபை இருந்தாள்.

கிருபை அதே மருத்துவமனையில் நர்ஸ். அக்காளும் தங்கையும் ஒரே வரிசையின் இரண்டு முனையில் இருந்தும் பதினோரு வருஷமாகப் பேசுவதில்லை. கிருபையின் கணவர் தேவஇரக்கம் ஆம்புலன்ஸ் ஓட்டினவர். பதினோரு வருஷத்துக்கு முன் அவருக்கு விடாத இருமல் வந்தபோது சளி பாக்கியசீலியின் மேசைக்குத்தான் வந்தது. சிவப்புச் சாயம் ஏற்றினாள், அமிலம் கலந்த ஸ்பிரிட்டால் கழுவினாள். காச நோய்க் கிருமி இருந்தால் அது மட்டும் சிவப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். தங்கச்சி மாப்பிள்ளையாயிற்றே, கண்ணாடி இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று பாக்கியசீலி இரண்டாவது தடவையும் கழுவினாள். வேறு யாருடைய சளியாக இருந்தாலும் ஒரு தடவையோடு நிறுத்தியிருப்பாள். பிடித்துக்கொண்டிருந்த சிவப்பும் அந்த இரண்டாவது கழுவலில் போயிற்று. நுண்ணோக்கியில் நூறு இடம் தேடினாள், ஒன்றும் இல்லை. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஐந்து மாதம் கழித்து வேறோர் ஊரில் உண்டு என்று சொன்னபோது தேவஇரக்கத்துக்கு ஒரு பக்கத்து நுரையீரல் தேங்காய் நார் போலாகிவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்.

"உன் கை பட்ட எதுவும் இனி என் வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்று கிருபை அன்றைக்குச் சொன்னாள். குடியிருப்பு அதை அரசாணை போல வைத்துக் காப்பாற்றியது. கிறிஸ்துமஸுக்குப் பாக்கியசீலி சுடும் முறுக்கு மற்ற எல்லா வீட்டுக்கும் போகும்; பன்னிரண்டாம் வீட்டுக்காரர்கள் ரத்தச் சோதனைக்கு இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போவார்கள். அவள் தண்ணீர் பிடித்த குழாயைக் கிருபை கழுவிவிட்டுத்தான் திறப்பாள்.

ஆகவே நீலச் சொட்டு கிழக்கே நகர்கிறது என்று தெரிந்த மூன்றாம் நாளே எல்லாரும் மனதுக்குள் வீடுகளை எண்ணிவிட்டார்கள்.

இரண்டாம் வீட்டில் மருந்தாளுநர் நல்லபெருமாள் இருந்தார். டிசம்பர் முதல் தேதி அவர் தோசை தின்றுகொண்டிருக்கும்போது சுவரின் மேற்கு மூலையில், டைல்ஸ் இணைப்பு வழியாக, நீலம் எட்டிப் பார்த்தது. கையைக் கழுவிவிட்டு வந்து பாக்கியசீலியின் வாசலில் நின்றார்.

"சீலி, உம்ம மை வந்துட்டு. உள்ள விடலாமா?"

"அதான் வந்துட்டுங்கியளே அண்ணாச்சி. இனி என்ன கேள்வி?"

"சும்மா ஒரு மரியாதைக்கி."

மருத்துவமனையும் தன் கடமையைச் செய்தது. சுவரில் ஈரக்கசிவு, ஓதம் என்று புகார் போய், பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்து பார்த்து, ஓதம் மேல்நோக்கி ஏறும், கிழக்கே போகாது, எனவே இது ஓதம் அல்ல என்று எழுதினார். தொற்றாக இருக்கலாமோ என்று பஞ்சில் ஒற்றிச் சோதனைக்கு அனுப்பினார்கள். சோதனைக்கு அது பாக்கியசீலியிடமே வந்தது. அவள் முறைப்படி சாயம் ஏற்றி, கழுவி, பார்த்து, கிருமி எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கோப்பு மூடப்பட்டது.

அதன் பிறகு தினமும் காலை ஏழிலிருந்து எட்டு வரை, மை எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குப் பாக்கியசீலி புட்டிகளும் ஸ்ட்ராவும் துளி விடும் குழலும் எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு முன் அவள் உள்ளே நுழைந்தால் பிள்ளைகள் தாமாகவே ஒரு விரலை நீட்டிக்கொண்டு அழ ஆரம்பிக்கும். ஊசி இல்லாமல் வருகிறாள் என்று அவை நம்ப மூன்று வீடு கடக்க வேண்டியிருந்தது. நீலம் தானாகப் போகும். பக்கத்தில் என்ன நிறம் சேர்ப்பது, எங்கே ஊதுவது, எங்கே விடுவது என்பதுதான் அவள் வேலை. அன்றன்றைக்குக் கடந்த சாண் மறுநாள் உலர்ந்து, அவளுக்கு அன்று தெரிந்திருந்தது எவ்வளவோ அவ்வளவாக அந்த வீட்டுச் சுவரில் நின்றுவிடும். அழிக்கலாம் என்று நல்லபெருமாளின் வீட்டில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பார்த்தாள். துடைத்த இடம் ஈரமாயிற்று, ஈரமான இடத்துக்கெல்லாம் மை ஆசையாக ஓடிவந்தது. முன்னால் ஈரம் இருந்தால் மை ஓடும், உலர்ந்திருந்தால் தயங்கும் என்பது அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம். அதற்கு விலையாக நல்லபெருமாளின் சுவரில் எருமை படுத்திருப்பது போன்ற ஒரு திட்டு விழுந்தது. அவர் அதற்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அது தன் மாமனார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வீடு எக்ஸ்ரே எடுக்கும் செய்யது மீரானுடையது. அங்கே பாக்கியசீலிக்குத் தைரியம் வந்துவிட்டது. நீலத்தோடு ஆரஞ்சு, ஆரஞ்சோடு பச்சை, அதன் மேல் ஊதா என்று பன்னிரண்டு புட்டியையும் திறந்தாள். எல்லாம் கைகோத்துக்கொண்டு சேறாகிப் போயின. மறுநாள் அதைச் சரிசெய்யப் போய் மேலும் சேறாயிற்று. பதினெட்டு நாளும் அந்த வீட்டில் சேறுதான். அவள் கண்ணில் நீர் நின்றதைப் பார்த்து மீரான் சொன்னார்:

"விடுங்கக்கா. இனி சாப்பிடும்போது ஆணம் தெறிச்சாலும் கறை தெரியாது. எங்க வீட்ல அவளுக்கு ரொம்ப சந்தோசம்."

"நக்கல் பண்ணாதீரும்."

"நக்கல் இல்லக்கா. ஒண்ணு சொல்லட்டா? நெஞ்சு எக்ஸ்ரேல கறுப்பா இருக்கிற இடந்தான் காத்து. அது இருந்தாத்தான் ஆளு மூச்சு விடுதாருன்னு அர்த்தம். உங்க படத்துல ஒரு விரக்கடைக்காவது காத்து இருக்கா பாருங்க."

பாக்கியசீலி பார்த்தாள். வெள்ளை டைல் ஓரிடத்திலும் மிச்சமில்லை. நெஞ்சு, காற்று, மூச்சு என்று அந்த மனிதர் யாரையும் நினைக்காமல்தான் சொன்னார். அவளோ அன்றைக்கு ஆய்வகத்தில் இரண்டு ரத்த மாதிரிக் குப்பிகளில் பெயர் எழுத மறந்தாள்.

நான்காம் வீட்டிலிருந்து அவள் இரண்டு நிறத்துக்கு மேல் திறக்கவில்லை. ஆனாலும் வேறொரு தொல்லை இருந்தது. அவள் கண் பழக்கப்பட்ட கண். மை விரிந்தவுடன் அதற்குள் எதையோ தேடும்; ஓரத்தில் சிறு கோடு தெரிந்தால் எண்ணும். வீட்டுக்காரர்களும் தேடினார்கள். ஐந்தாம் வீட்டில் அது குற்றாலம் என்றார்கள், ஆறாம் வீட்டில் சண்டை வந்து கணவர் மயில் என்றும் மனைவி மயிலே இல்லை, உங்க அக்கா என்றும் சொன்னார்கள். எல்லாரும் கடைசியில் அவளிடம்தான் வந்து, "ரிசல்ட் என்னன்னு சொல்லுங்க" என்பார்கள். முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள், "ஒண்ணும் இல்ல. நீலம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னது தப்பில்லை என்று தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. மார்ச் மாதத்தில் ஒருநாள் ஒரு விரிவை முழு நிமிஷம் எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வேலைக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போய், பிந்தியதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்கும்போது காரணம் என்ற இடத்தில் நீலம் என்று எழுதினாள். கண்காணிப்பாளர் ஏற்றுக்கொண்டார்.

ஏழாம் வீட்டுக்காரி பிரசவ வார்டு ஆயா மாரித்தங்கம். மை வருவதற்கு இரண்டு நாள் முன்பே பாக்கியசீலியை வாசலில் மறித்தாள்.

"ஏ யக்கா, உங்க மையிட்ட ஒரு வார்த்த சொல்லி வையிங்க. நடுச்சுவத்துல எங்க சாமி இருக்கு. வெள்ள வேட்டி கட்டுன சாமி. கறை பட்டுச்சு, அது சும்மா இருக்காது, நானும் சும்மா இருக்க மாட்டேன்."

"நான் சொன்னா கேக்குமா தங்கம் அது?"

"உங்க மைதான? நீங்க சொல்லாம பின்ன யாரு, பஞ்சாயத்து பிரெசிடென்டா சொல்லுவாரு?"

அந்தச் சாமிப் படத்துக்காகத்தான் பாக்கியசீலி வளைக்கக் கற்றுக்கொண்டாள். முன்னால் உள்ள டைலைத் துடைத்து நன்றாக உலர்த்திவிட்டு, மை வந்த வழியில், விளிம்புக்குச் சற்றுப் பின்னால், ஒரே ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டால், முன்னே போகிற விளிம்பு கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்க்கும். அந்த நேரத்தில் எதிரே இருந்து ஊத வேண்டும். ஒரு சொட்டுதான். இரண்டாவது சொட்டு விட்டால் விளிம்பு கரைந்து எல்லாம் வெளுத்து ஓடிவிடும். இது தெரிந்தும் ஒவ்வொரு முறையும் முதல் சொட்டை விட்டதும் அவள் கை இன்னொரு சொட்டுக்காகக் குழலை அழுத்தப் போகும். சரியாக விழுந்ததா, போதுமா, இன்னும் கொஞ்சம் சுத்தமாக இருந்தால் என்ன என்று கை கேட்கும். ஏழாம் வீட்டில் நான்கு இடத்தில் கைதான் ஜெயித்தது, நான்கு இடமும் வெளுத்தன. ஐந்தாம் தடவை அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். நீலம் சாமியைச் சுற்றி ஒரு பாதி வட்டம் போட்டுக்கொண்டு, விரல் அகலம் வெள்ளையை விட்டு, கிழக்கே போயிற்று. மாரித்தங்கம் சூடம் கொளுத்தினாள். சாமிக்கா மைக்கா என்று கேட்டதற்கு, ரெண்டுக்கும் பொதுவாத்தான் என்றாள்.

இதற்கிடையில் பன்னிரண்டாம் வீட்டு வாசலில் தேவஇரக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரிடம் நிலவரம் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க... வந்திருக்கு... வண்டி... இப்ப?" என்பார். எட்டில் என்றால், "இன்னும் நாலு... ஸ்டாப்பு" என்று விரலை மடக்குவார். கிருபை உள்ளே இருந்து பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே அவர் பேச்சை நிறுத்துவார்.

ஏப்ரலில் கிருபை மனுக் கொடுத்தாள். மேற்படி மை தன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, நுழைந்தால் டைல்ஸை முழுக்கக் கடப்பாரையால் பெயர்த்துவிடுவேன், அதற்குத் தான் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தாள். பொதுப்பணித் துறை பரிசீலித்து, பன்னிரண்டாம் எண் வீட்டுக்குள் பிரவேசிக்கலாகாது என்ற உத்தரவைத் தட்டச்சு செய்து, பெறுநர் என்ற இடத்தில் மை என்று போட்டு, பதினோராம் வீட்டுச் சுவரில் ஒட்டியது. நகல் பாக்கியசீலிக்கு வந்தது.

அவள் அதைப் படித்து மடித்து வைத்தாள். மை உள்ளே போனால் கிருபை டைல்ஸைப் பெயர்ப்பாள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. பெயர்த்த பிறகு ஒட்டவைக்க ஒன்றும் இருக்காது. போகாமல் நிறுத்திவிட்டால் தங்கையின் வார்த்தையை ஒரு தடவையாவது காப்பாற்றியதாக இருக்கும். அப்படியே மே முப்பத்தொன்றாம் தேதி வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடலாம், பிறகு சாகும்வரை பேச வேண்டிய அவசியம் வராது. நிறுத்தத்தான் வேண்டும் என்று முடிவு செய்தாள். ஆனால் தினமும் காலையில் புட்டிகளை எடுத்துக்கொண்டு கிழக்கே நடக்கும்போது அவள் கால்கள் நிறுத்தப் போகிறவளின் கால்களாக இல்லை, கொஞ்சம் வேகமாகவே நடந்தன.

பதினோராம் வீடு யாருக்கும் ஒதுக்கப்படாமல் பூட்டிக் கிடந்தது. அலுவலகத்தில் சாவி வாங்கித் திறந்து, ஒட்டடை அடித்து, அவள் பதினெட்டு நாள் அங்கே தனியாக வேலை செய்தாள். காப்பி தரவும் ரிசல்ட் கேட்கவும் ஆள் இல்லை. ஆனால் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தங்கையின் வீடு இருந்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குள் நடக்கும் ஒவ்வொன்றையும் கேட்டாள்: குக்கர் விசில், மாத்திரை அட்டை உடைபடும் சத்தம், கிருபை ஜெபம் பண்ணும்போது யார் யார் பெயரைச் சொல்கிறாள், யார் பெயருக்கு முன்னால் சற்று நின்றுவிட்டுச் சொல்லாமல் தாண்டுகிறாள்.

"வந்துட்டா சுவத்துக்கு அந்தப் பக்கம்" என்று ஒருநாள் கிருபையின் குரல் வேண்டுமென்றே உரத்துக் கேட்டது. "ஸ்பிரிட் வாட இங்க வரைக்கும் அடிக்கி."

"நல்ல... வாடதான... ட்டி... அது?"

"உங்களுக்கு எல்லாமே நல்ல வாடதான். அதனாலதான் இப்பிடி உக்காந்திருக்கிய."

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பாக்கியசீலி சுவரின் இந்தப் பக்கம் ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றாள். தன் மூச்சு முழுசாக, எந்த இடத்திலும் நிற்காமல், ஒரே கோடாக வெளியே போகிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தாள். அதன் பிறகு பதினோராம் வீட்டில் அவள் ஊதிய இடமெல்லாம் மெதுவாக ஊதினாள். நீலம் மட்டும்; அதில் எங்கேயோ ஒரு துளி சிவப்பு. வெள்ளை நிறைய இருந்தது. அந்த வீட்டுச் சுவரைப் பார்க்க வந்த மீரான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "மூச்சு விடுதுக்கா" என்று மட்டும் சொன்னார்.

மே முப்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு மை கடைசி டைலில் இருந்தது. பத்து வீட்டுக்காரர்களும் பதினோராம் வீட்டுக்குள் வந்து நின்றார்கள். ஒட்டியிருந்த உத்தரவை நல்லபெருமாள் மைக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார். அது கேட்டதாகத் தெரியவில்லை. பாக்கியசீலி முன்னால் உள்ள நான்கு விரல் வெள்ளையைத் துடைத்தாள், உலர்த்தினாள், மறுபடி துடைத்தாள். பிறகு குழலில் ஸ்பிரிட் எடுத்து, விளிம்புக்குப் பின்னால் ஒரு சொட்டு விட்டாள்.

விளிம்பு திரும்பிப் பார்த்தது. கை இன்னொரு சொட்டுக்குப் போயிற்று.

போதுமா என்று கேட்டது கை. தங்கச்சி வீடாயிற்றே, இன்னும் கொஞ்சம் சுத்தமாக நிறுத்தினால் என்ன என்று கேட்டது. இதே கேள்வியை இதே கை பதினோரு வருஷத்துக்கு முன் கேட்டபோது அவள் சரி என்று சொல்லியிருந்தாள். பாக்கியசீலி குழலைக் கீழே வைத்தாள். மணிக்கட்டை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. குனிந்து, எதிரே இருந்து, நீளமாக ஒரே மூச்சு ஊதினாள். நீலம் ஓரத்தில் கருத்து, மெல்லிய கோடாகத் திரண்டு, பன்னிரண்டாம் வீட்டுச் சுவருக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போது நின்றது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக முன்விளிம்பு உலர்ந்தது. மாரித்தங்கம் விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்று காட்டினாள்.

யாரும் கைதட்டவில்லை.

"நின்னுட்டு" என்றார் நல்லபெருமாள்.

"ஆமா அண்ணாச்சி."

"ஒரு விரக்கடதான" என்றார் அவர், யாரிடம் என்று இல்லாமல். பிறகு எல்லாரும் வேலைக்குப் போனார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த தேவஇரக்கம் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, மடக்கி வைத்திருந்த கடைசி விரலை விரித்துக்கொண்டார். கிருபை அதை உள்ளே ஜன்னலோரம் நின்று பார்த்தாள்.

மறுநாள் முப்பத்தொன்று. பாக்கியசீலி சாமான்களைக் கட்டி முடித்து, மாலை போடும் கூட்டத்துக்கு வைத்திருந்த சேலையை உடுத்திக்கொண்டிருந்தபோது மாரித்தங்கம் பிரசவ வார்டிலிருந்து வந்த கோலத்திலேயே உள்ளே வந்தாள்.

"யக்கா, வாங்க. பன்னெண்டுல கூப்பிடுதாவ."

"யாரு?"

"வேற யாரு இருக்கா அங்க? கடப்பாரையெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் பாத்துட்டேன். வாங்க."

வழியில் பதினோராம் வீடு திறந்து கிடந்தது. பாக்கியசீலி எட்டிப் பார்த்தாள். நேற்று அவள் விட்டுவைத்த ஒரு விரல் வெள்ளை இல்லை. உலர்ந்து கோடாக நின்ற விளிம்பு, யாரோ ஸ்பிரிட் தடவியதில், உயிர் வந்து சுவருக்குள் போயிருந்தது.

பன்னிரண்டாம் வீட்டு வாசலில் கிருபை வெள்ளை உடுப்போடு நின்றாள். கையில் ஸ்பிரிட்டில் நனைந்த பஞ்சு. ஊசி போடுவதற்கு முன்னால் முப்பது வருஷம் ஸ்பிரிட் தடவிய கை அது. முன்னால் ஈரம் இருந்தால் மை ஓடும் என்பதை அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, சுவருக்கு இந்தப் பக்கம் பதினெட்டு நாளும் அடித்த ஸ்பிரிட் வாடையே போதும். அவள் நகர்ந்து வழிவிட்டாள். பாக்கியசீலி வாசற்படியில் நின்றுவிட்டாள், உள்ளே போகவில்லை. அங்கிருந்தே சுவர் தெரிந்தது.

மேற்கு மூலையில் டைல் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்துக்குள் நீலம் வந்திருந்தது. வந்ததை யாரோ ஊதியிருந்தார்கள். சிறிய விசிறி போல விரிந்து, கொஞ்ச தூரம் போய் நின்று, மறுபடி கொஞ்சம் போய் நின்று, மூன்றாவது முறை நின்ற இடத்தில் தீர்ந்துபோயிருந்தது. மொத்தம் அரைச் சாண் இருக்கும். இப்படி ஒரு விளிம்பைப் பாக்கியசீலி பதினோரு வீட்டிலும் போட்டதில்லை, இனி போடவும் முடியாது. அவள் அதைப் பார்த்தாள். எதையும் எண்ணவில்லை, எண்ணாமலேயே மூன்று என்று தெரிந்தது.

சுவரோரம் நாற்காலியில் தேவஇரக்கம், பதினோராம் வீட்டில் அவள் விட்டுவந்த ஸ்ட்ராவைக் கையில் வைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறி வந்தவர் போல மூச்சு வாங்கிக்கொண்டு, உதடெல்லாம் நீலமாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க... மைனி. வண்டி... வந்துட்டு... பாருங்க."

கிருபை பஞ்சைத் தட்டில் போட்டாள். அவர் கையிலிருந்த ஸ்ட்ராவை வாங்கி, இல்லாத ஈரத்தைத் துடைப்பது போல உடுப்பின் ஓரத்தில் அதன் நுனியைத் துடைத்தாள். அதை நீட்டும்போது அக்காள் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தாள்.

"அவ்வோ ஊதுனா இவ்வளவுதான் போவும்" என்றாள். "மிச்சத்த நீ வந்து ஊது."